வன்னிப் பங்குகளில் ஆண்களின் பங்கேற்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலும் மன்னார் பெருநிலப் பகுதியிலும் உள்ள அருட்பணிச் சபையினரும் அன்பியப் (அயல் குடும்பங்கள் கூடும் சிறு கிறிஸ்தவக் குழு) பொறுப்பாளர்களும் மறையாசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியுள்ளோம். கத்தோலிக்கப் பங்குகளை (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள கோயில் சமூகங்களை) மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதினாலும், மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபைச் சபைகளில் உள்ளவர்களும் இவற்றுட் பலவற்றைத் தங்கள் நிலைமைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் பங்கில் ஞாயிறு திருப்பலிக்கு ஆண்கள் மிகக் குறைவாகவே வருகிறார்கள். அவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று முடிவு செய்யலாமா?

அப்படி முடிவு செய்வது அவசரம். ஞாயிறு காலையில் வன்னியின் ஒரு கிராமக் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே பெண்களும் பிள்ளைகளும் நிறைந்திருக்க, வெளியே பாலை மரத்தின் கீழ் நிறுத்திய மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்தபடி ஆண்கள் நிற்பார்கள். மறையுரை முடியும்வரை நெல் விலையையும் மழையையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நற்கருணையை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்ததும் பேச்சு நின்றுவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வந்து, ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றித் தலைகுனிவார்கள். மணி ஓய்ந்ததும் மறுபடியும் மரத்தடிக்குப் போய்விடுவார்கள். விசுவாசம் அற்றுப்போனவர் அந்த மணிக்குத் தலைகுனிவதில்லை.

இதே ஆண்கள்தான் திருநாள் நெருங்கும்போது கொடிமரம் நட்டு, பந்தல் போட்டு, ஜெனரேற்றருக்கு ஓடித்திரிந்து, திருச்சொரூபக் கூட்டைத் தோளில் சுமக்கிறார்கள். ஆடி (ஜூலை) 2ஆம் திகதிக்கும் ஆவணி (ஆகஸ்ட்) 15ஆம் திகதிக்கும் உழவு இயந்திரப் பெட்டியில் அரிசி, விறகு, படங்கு எல்லாவற்றையும் ஏற்றி, குடும்பத்தோடு மடு மாதா திருத்தலத்துக்குப் போய், காட்டு மரங்களின் கீழ் கூடாரம் அடித்துத் தங்குவதற்கு ஒழுங்கு செய்பவர்களும் இவர்களே. ஆகவே இல்லாத பக்தியை உண்டாக்குவது எப்படி என்று யோசிக்க வேண்டியதில்லை. திருநாளில் வெளிப்படும் அந்த ஈடுபாடு ஆண்டு முழுவதும் ஏன் தொடர்வதில்லை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அப்படியானால் அவர்கள் ஏன் வெளியே நிற்கிறார்கள்?

முதலில், ஆண்களே குறைந்துபோன ஊர்கள் இவை என்பதை மறந்துவிடக் கூடாது. 2009 வைகாசியில் முடிந்த போரில் இறந்தவர்கள், காணாமலாக்கப்பட்டவர்கள், கை கால் இழந்தவர்கள், பிறகு வேலை தேடி வெளிநாடு போனவர்கள் எல்லோரையும் கணக்கில் எடுக்காமல், வெறுமையாய்க் கிடக்கும் ஆண்கள் பக்கத்தைக் காட்டிப் பிரசங்கிப்பது எஞ்சியிருப்பவர்களைப் புண்படுத்தும்.

எஞ்சியிருப்பவர்களுட் பலரைத் தடுப்பது கடனும் வெட்கமும் ஆகும். குத்தகைக்கு எடுத்த உழவு இயந்திரத்தின் தவணை கட்டாதவர், மனைவியின் பெயரில் எடுத்த நுண்கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதவர், கடன் கொடுத்தவர் உட்கார்ந்திருக்கும் கோயிலுக்குள் நிமிர்ந்து நடந்துவர மாட்டார்.

இவற்றைவிட முக்கியமானதென்று நாங்கள் கருதும் காரணம் வேறொன்று. சிறுபோகத்துக்கு முன் கமக்காரர் அமைப்புகளைக் கூட்டி, இரணைமடுக் குளத்தில் இருக்கும் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எப்போது திறப்பது என்று பேசும்போது அந்தக் கூட்டத்துக்கு ஆண்களை யாரும் வருந்தி அழைப்பதில்லை. வெயிலில் நின்றாவது முடிவுவரை இருப்பார்கள், வாக்குவாதம் செய்வார்கள், தீர்மானத்துக்குக் கட்டுப்படுவார்கள். கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்திலும் அப்படித்தான். அங்கே தங்கள் சொல்லுக்குப் பெறுமதி உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். கோயில் கூட்டத்திலோ எல்லாம் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டு, “சுவாமி சொல்லிவிட்டார்” என்ற சொல்லோடு அறிவிக்கப்படுகிறது. கதிரை அடுக்குவதற்கும் கூடு தூக்குவதற்கும் மட்டுமே ஆண்கள் தேடப்படுகிறார்கள். யோசனை கேட்கப்படாத இடத்துக்குக் கிழமைதோறும் வருவதற்கு அவர்களுக்கு மனம் வருவதில்லை.

பொதுநிலையினரான ஆண்கள் பொறுப்பெடுப்பது இந்த மண்ணுக்குப் புதிய விடயமா?

இல்லை, இந்த மண்ணின் திருச்சபை அவ்விதமாகவே பிழைத்து வந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் கோலத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகளார், 1711இல் கண்டியில் இறக்கும்வரை ஊர் ஊராகச் சென்று மக்களைத் திடப்படுத்தினார். அவர் போன இடமெல்லாம் ஊர்ச் சபையை நடத்த ஒரு மூப்பரையும், செபங்களை முன்னின்று சொல்லிப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்க ஓர் அண்ணாவியாரையும் ஏற்படுத்திவிட்டுப் போனார். குருவானவரைக் காண்பதே அரிதாயிருந்த ஊர்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் இந்த விவசாயிகளும் மீனவர்களுமே. 2015 தை 14ஆம் திகதி கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கிய திருத்தந்தை பிரான்சிஸ், அன்றைய தினமே மடுவுக்கும் வந்து செபித்தார்.

மூப்பர் என்ற பதவி சில ஊர்களில் பிற்காலத்தில் பரம்பரை மரியாதையாகச் சுருங்கிப்போனது உண்மைதான். ஆனால் தொடக்கத்தில் அது ஓர் உழைப்பாக இருந்தது. நோயாளியை யார் பார்த்தார்கள், பிள்ளைக்கு யார் செபம் சொல்லிக் கொடுத்தார்கள், சண்டையை யார் தீர்த்துவைத்தார்கள் என்ற கேள்விகளுக்கு ஊரில் ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 கார்த்திகையில் பொதுநிலையினர் திருத்தூதுப் பணி பற்றித் தனியான ஆணை ஒன்றை வெளியிட்டபோது, நம் முன்னோருக்கு அது பழகிய வழக்கமாகவே இருந்திருக்கும்.

போருக்குப் பின் எங்கள் பங்கைப் பெண்களே நடத்திவருகிறார்கள். ஆண்களை முன்னுக்குக் கொண்டுவந்தால் பெண்கள் பின்னுக்குத் தள்ளப்பட மாட்டார்களா?

இந்தப் பயம் நியாயமானது. ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறோம். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமின் கூடாரங்களுக்கிடையில் மாலைதோறும் செபமாலையைத் தொடங்கியவர்களுட் பெரும்பாலானோர் தாய்மாரே. ஆண்களுட் பலர் புனர்வாழ்வு முகாம்களிலும் தடுப்பிலும் இருந்தார்கள். பலர் உயிரோடு இல்லை. மீள்குடியேறியபின் தகரக் கொட்டிலில் கோயிலைத் தொடங்கி, பிள்ளைகளைத் திரட்டி மறைக்கல்வி நடத்தி, வெள்ளம் வந்தபோது வீடு வீடாக அரிசி சேர்த்தவர்களும் பெண்களே. ஆண்களை ஊக்குவிப்பது என்ற பெயரில் அவர்களுள் ஒருவரையேனும் பொறுப்பிலிருந்து இறக்குவது அநீதி. அதற்கு எந்தப் பங்கும் துணைபோகக் கூடாது.

அத்துடன், ஆண்களுக்கு மட்டுமே உரிய வேலை என்று ஒரு பட்டியலைப் போட்டு அதைக் கொண்டு அவர்களைக் கவர முயல்வதும் நிலைக்காது. பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016இலும், வாசகர், பீடத்துணைவர் ஆகிய நிலையான பணிகளைப் பெண்களுக்கும் வழங்கலாம் என்று 2021இலும் திருச்சபை அறிவித்துவிட்டது. ஆகவே வெறுமையாகக் கிடக்கும் வேலைகளுக்கே ஆண்களை அழைக்க வேண்டும். அவை எண்ணற்றவை.

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை இதற்கு வாசிக்கலாம். கைம்பெண்கள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு வந்தபோது, நற்சான்று பெற்ற ஏழு ஆண்கள் தெரிவுசெய்யப்பட்டார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, அந்தக் கைம்பெண்களுக்கு உணவு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் இத்தனை வாழும் நமது பங்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் இல்லை. கூரைத் தகரம் பறந்த வீடு, தூர்ந்த கிணறு, யானை முறித்த வேலி ஆகியவற்றை ஆண்கள் எடுத்துச் செய்யட்டும். ஆனால் தனித்து வாழும் பெண்ணின் வீட்டுக்கு ஓர் ஆண் தனியாகப் போகக் கூடாது. அன்பியத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணையும் சேர்த்துக்கொண்டு பகலிலே போக வேண்டும். ஊர் வாய்க்கு இடம் கொடாதிருப்பதற்கும், அந்தப் பெண்ணின் மன நிம்மதிக்கும் இந்த ஒழுங்கு அவசியம்.

கோயில் கூட்டும் முறை தங்கள் வீட்டுக்கு வரும்போது மனைவியை மட்டும் அனுப்பாமல் கணவனும் விளக்குமாற்றோடு வரட்டும். இதைச் செய்யத் தொடங்கிய பங்குகளில் வேறு பலவும் தாமாகவே மாறியதைப் பார்த்திருக்கிறோம்.

அறிவித்தல் வாசித்தும் வாட்ஸ்அப்பில் போட்டும் யாரும் வருவதில்லை. எப்படி அழைப்பது?

“ஆண்கள் அனைவரும் முன்வர வேண்டும்” என்ற அறிவித்தல் யாரையும் அழைப்பதில்லை. கேட்பவர் ஒவ்வொருவரும் அது மற்றவருக்குச் சொன்னது என்றே எடுத்துக்கொள்வார். வீட்டுக்குப் போய், முற்றத்தில் உட்கார்ந்து, பெயர் சொல்லி, ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள். “அண்ணை, கோயில் வயரிங் பழுதாகிக் கிடக்கிறது, மழைக்கு முதல் பார்க்க வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் வந்து என்ன செய்யலாம் என்று சொல்லுவீர்களா?” என்று கேட்டால், அவருடைய கைத்திறன், ஒரு நாள், ஒரு நேரம், ஒரு முடிவு எல்லாம் அந்தக் கேள்வியிலேயே அடங்கிவிடுகின்றன. வந்து பார்த்தபின் அவர் சொல்லும் யோசனையைக் கேட்டு நடக்கவும் வேண்டும். மேசனாரை அழைத்துவிட்டு, சீமெந்துக் கலவை எப்படி என்று அவருக்கே படிப்பித்தால் அடுத்த முறை வர மாட்டார்.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். பங்குத்தந்தை கேட்டால் மரியாதைக்காக “ஓம் சுவாமி” என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பவர், தன்னோடு வயல் செய்யும் மச்சான் கேட்டால் மறுக்க மாட்டார். வேலைக்கு முடிவுத் திகதி ஒன்றும் வையுங்கள். உயிருள்ளவரை ஒரு பொறுப்பில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் பலரை முதற்படியிலேயே தடுக்கிறது. ஓர் ஆண்டுக்கு என்றால் சம்மதிப்பார்கள்.

வாசகம் வாசிக்கக் கேட்டால் எங்கள் ஊர் ஆண்கள் பின்வாங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

இடம்பெயர்விலேயே பாடசாலைக் காலத்தைத் தொலைத்த தலைமுறை இது. நாற்பது வயதைக் கடந்த பல ஆண்களுக்கு, சபைக்கு முன் நின்று எழுத்துக்கூட்டி வாசிப்பதைவிட ஒரு மூட்டை நெல்லைச் சுமப்பது இலகு. அந்தக் கூச்சத்தை ஊரறியப் போட்டு உடைக்கக் கூடாது. திருப்பலி தொடங்கும் நேரத்தில் புத்தகத்தைக் கையில் திணிக்காமல், திங்கட்கிழமையே வாசகத்தின் பிரதியைக் கொடுத்து, வியாழக்கிழமை மறையாசிரியர் ஒருவரோடு வெறுங்கோயிலில் ஒலிவாங்கிக்கு முன் நின்று இரண்டு முறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடினமான பெயர்கள் வரும் வாசகத்தை முதன்முறை வாசிப்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாட்டுக்கூத்து ஆடிய குடும்பங்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. ஓர் இரவு முழுவதும் ஆடும் கூத்தின் பாட்டுகளை, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வாயிலாகக் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். அவர்களுக்குக் குரலும் நினைவாற்றலும் தாராளமாக உண்டு. திருப்பாடலின் பல்லவியை, மன்றாட்டின் பதிலுரையை, ஆண்டவருடைய பாடுகளைப் பாடும் தவக்காலப் பசாமை அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

வயலும் கடலும் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லையே?

உண்மை. காலபோக அறுவடை தையிலும் மாசியிலும் வரும்போது அறுவடை இயந்திரம் எந்த வயலுக்கு எந்த மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. காட்டோர வயல்களில் யானைக்கும் பன்றிக்கும் காவல் கொட்டிலில் விழித்திருந்து, விடியும்போது வீடு வருபவரிடம் ஆறரைத் திருப்பலிக்கு ஏன் வரவில்லை என்று கேட்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் கத்தோலிக்கக் கரையோர ஊர்கள் பலவற்றில் இருந்தாலும், வள்ள முதலாளியான சம்மாட்டியிடம் கடன்பட்டவருக்கு அந்தச் சுதந்திரம் எப்போதும் வாய்ப்பதில்லை.

ஞாயிறு திருப்பலிக் கடமையைச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியிலேயே நிறைவேற்றலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அறுவடை மாதங்களிலாவது கிளைக் கோயில் ஒன்றில் சனி மாலைத் திருப்பலிக்கு ஒழுங்கு செய்ய முடியுமா என்று பங்குத்தந்தையோடு பேசுங்கள். அருட்பணிச் சபைக் கூட்டத்தை இரவு ஏழு மணிக்குப் பின் வையுங்கள். விதைநெல்லையும் வள்ளத்தையும் வலையையும் ஆசீர்வதிக்கும் நாட்களை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து, அதற்கான செபத்தைத் தொழில் செய்பவர்களே தயாரிக்கும்படி விடுங்கள்.

குடிப்பவர்களைக் கோயில் வேலையில் சேர்க்கலாமா?

மனிதரைச் சேர்க்கலாம், குடியைச் சேர்க்கக் கூடாது. பந்தல் போடும் இரவில் பின்பக்கத்தில் போத்தல் திறப்பது எத்தனையோ ஊர்களில் வழக்கமாகிவிட்டது. “வேலை செய்கிற பெடியள், விட்டுவிடுங்கள்” என்று பெரியவர்களும் கண்டுகொள்வதில்லை. திருநாள் வேலை நடக்கும் வளவுக்குள் மது இல்லை என்பதைத் திருநாட்குழுவே முதற்கூட்டத்தில் தீர்மானித்து, அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்த வேண்டும். பணம் கொடுத்தவருக்கு ஒரு சட்டம், கூலிக்காரருக்கு ஒரு சட்டம் கூடாது.

கசிப்புக்கு (கள்ளச் சாராயத்துக்கு) அடிமையான ஒருவரைப் பீடத்தின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்குவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. சத்தியம் முறிந்த மறுநாளிலிருந்து அவர் கோயில் பக்கமே தலைகாட்ட மாட்டார். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது நடுக்கம், வியர்வை, மனக்குழப்பம், சிலவேளை வலிப்பும் வரலாம், உயிராபத்தும் உண்டு. ஆகவே முதல் உதவி, அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வது. மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை பெறலாம். கூடப் போவதற்கும், வாசலில் காத்திருப்பதற்கும், திரும்பி வந்தபின் மாலை நேரங்களில் பேச்சுத் துணையாய் இருப்பதற்கும் பங்கிலிருந்து இரண்டு ஆண்கள் முன்வந்தால், திருச்சபை வாழ்வில் ஆண்களின் பங்கு என்ன என்று அவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

“அந்த நாட்களில் கடவுள் எங்கே இருந்தார்?” என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

உடனே பதில் சொல்லாதீர்கள். முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனுக்கு மறையுரை வசனத்தை ஒப்புவிப்பது, அவர் இனி ஒருபோதும் வாய் திறக்காமலிருக்கச் செய்துவிடும். 2004 மார்கழி 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வாரிக்கொண்டு போனது ஒரு ஞாயிற்றுக்கிழமையில். வழிபாட்டு நாட்காட்டியில் அது திருக்குடும்பத் திருவிழா. அந்தக் கரையில் குடும்பத்தையே இழந்தவர் அந்தத் திருவிழாவுக்குக் கோயிலுக்கு வராமலிருந்தால், ஏன் என்று கேட்கத் தேவையில்லை.

ஆண்கள் அழக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் தவக்காலத்தில் பசாம் படிக்கும்போது, ஆண்டவருடைய பாடுகளை இழுத்து இழுத்துப் பாடும் அந்த இராகத்துக்குள் எத்தனையோ ஆண்கள் தங்கள் துயரத்தையும் சேர்த்தே பாடிவிடுகிறார்கள். நேரமில்லை என்று அதைக் குறைத்துவிடாதீர்கள். கார்த்திகை 2ஆம் திகதி மரித்தோர் நினைவுக்கும், வைகாசி 18ஆம் திகதி நினைவுத் திருப்பலிக்கும் பெயர்களை வாசிக்கும் பொறுப்பை, அந்தப் பெயர்களைத் தாங்கிக்கொண்டு வாழும் தகப்பன்மாரிடமும் சகோதரர்களிடமும் கொடுங்கள். காணாமலாக்கப்பட்டவர்களின் பெயரை மரித்தோர் பட்டியலில் சேர்க்க வேண்டாம்; அவர்களுக்குத் தனியாக ஒரு மன்றாட்டு வையுங்கள்.

புனர்வாழ்வு முடித்து வந்த முன்னாள் போராளிகளையும், அங்கம் இழந்தவர்களையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து திருப்பலி காணும் நமது சிறு கோயில்களில், செயற்கைக் கால் பொருத்தியவர் எங்கே உட்காருவார்? கடைசி வரிசையில் ஒரு கதிரையைப் போட்டு அவரை ஒதுக்கிவிடாமல், நடுவிலும் முன்னிலும் சில கதிரைகளை நிரந்தரமாக வைத்து, வேறு சிலரும் அவற்றில் உட்கார்ந்தால் அவருக்குக் கூச்சம் தெளியும். வாசலில் சக்கர நாற்காலிக்குச் சரிவு ஒன்று கட்டுங்கள். மாற்கு நற்செய்தியில், முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அந்த நால்வரும் பேசியதாக ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்றே எழுதப்பட்டிருக்கிறது.

திருநாட்கணக்கில் வந்த சண்டையால் பல குடும்பங்கள் விலகி நிற்கின்றன. இதற்கு வழி உண்டா?

உண்டு; ஆனால் அது செபக்கூட்டத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. திருநாள் முடிந்த மாதத்துக்குள் வரவு செலவை எழுதிக் கோயில் அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். பற்றுச்சீட்டைப் பார்க்க விரும்புகிறவர் பார்க்கட்டும். கணக்கைக் கேட்டவரைக் குழப்பக்காரர் என்று பெயர் சூட்டும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

கனடாவிலும் சுவிஸிலும் இலண்டனிலும் வாழும் ஊரவர்களின் பணத்தால் எத்தனையோ கோயில்கள் அழகாக எழுந்துள்ளன. அந்த அன்புக்கு ஊர் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் சுவரிலுள்ள பளிங்குக் கற்களில் கொடையாளர் பெயர்களை மட்டுமே வாசிக்கும் கூலித்தொழிலாளி, இந்தக் கோயிலில் எனக்கு என்ன பங்கு இருக்கிறது என்று எண்ணுவது இயல்பு. சிரமதானத்தில் வேலை செய்த நாட்களையும் கொடையாகவே எழுதி, பணம் தந்தவர்களின் பெயர்களோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் ஆண்கள் பொறுப்புகளுக்கு வருவதே இல்லை. ஏன்?

அவர்களை யாரும் கேட்பதில்லை என்பதே நேர்மையான பதில். 1958, 1977 கலவரங்களுக்குப் பின் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். போரின் சுமையையும் எல்லோரையும் போலவே சுமந்தவர்கள். இருந்தும், திருநாட்குழு தெரிவாகும்போது “ஊர் ஆட்கள்” என்ற சொல்லுக்குள் அவர்கள் அடங்குவதில்லை. சாதியின் பெயரால் கூடு தூக்கும் உரிமையைப் பிரித்து வைத்திருக்கும் இடங்களிலும் இதே பாவம் நடக்கிறது. நற்கருணையை ஒரே வரிசையில் நின்று வாங்குகிறவர்களுக்குக் கூட்டைத் தூக்குவதில் தனி வரிசை இருக்க முடியாது. பழைய குடும்பங்கள் முகம் சுளித்தாலும் பங்குத்தந்தையும் அருட்பணிச் சபையும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கோயில் வேலை என்றால் பீடத்தருகே நிற்பது மட்டுமா?

இல்லை. 1992இல் இரணைதீவிலிருந்து இடம்பெயர்ந்து முழங்காவிலுக்கு அருகில் இரணைமாதாநகரில் வாழ்ந்த மக்கள், ஊர் திரும்புவதற்கான போராட்டத்தை 2017இல் தொடங்கி, 2018 சித்திரை 23ஆம் திகதி தங்கள் வள்ளங்களிலேயே தீவுக்குப் போய் இறங்கி, பழுதடைந்து கிடந்த தங்கள் கோயிலில் கூடிச் செபித்தார்கள். அன்று வள்ளம் ஓட்டியதும் எரிபொருள் சேர்த்ததும் திருச்சபை வாழ்வுக்கு வெளியே நடந்தவை அல்ல. கிணறு இறைப்பது, மரண வீட்டில் இரவு விழித்திருப்பது, காணிப் பிரச்சினையில் அயலவருக்காகப் பிரதேச செயலகத்துக்குக் கூடப்போவது ஆகியனவும் அப்படியே. இவற்றை ஞாயிறு மன்றாட்டில் சொல்லிச் செபித்தால், செய்தவருக்குத் தன் உழைப்பு பீடத்தை வந்து சேர்ந்தது தெரியும்.

இளைஞர்களை எப்படி நிறுத்துவது?

பீடப்பணியாளராக இருந்த பையன் சாதாரண தரத்துக்குப் படிக்கத் தொடங்கியதும் நின்றுவிடுகிறான். ஞாயிறு காலையில் தனியார் வகுப்பு. வகுப்பு நடத்துகிறவர்களுட் பலர் நம் ஊரவர்களே. நேரடியாகப் பேசினால் அந்த இரண்டு மணித்தியாலத்தை மாற்றித் தருவார்கள். பரீட்சை முடிந்து திரும்பி வருபவனைச் சிறுவர்களோடு நிறுத்தாமல், அவர்களைப் பழக்கும் பொறுப்பைக் கொடுங்கள். உதைபந்தாட்டப் போட்டியைத் திருநாளோடு முடித்துவிடாமல் ஆண்டு முழுவதும் நடத்தும் பங்குகள் இளைஞர்களைத் தக்கவைத்துக்கொள்கின்றன. வெளிநாடு போகும் எண்ணத்தோடு இருப்பவனையும் போகும்வரைக்கும் நம்மவனாகவே நடத்துங்கள்.

என் கணவர் கோயிலுக்கு வருவதே இல்லை. நான் வற்புறுத்தலாமா?

வற்புறுத்த வேண்டாம், தங்கச்சி. பிள்ளைகளின் முன் அவரைக் குறைசொல்லவும் வேண்டாம். வீட்டுச் செபமாலையில் ஒரே ஒரு மறையுண்மையை மட்டும் அவர் தொடங்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் விட்டுவிட்டு, கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள். முதல் நற்கருணைக்குப் பிள்ளை ஆயத்தமாகும் ஆண்டு நல்ல தருணம். பிள்ளைக்கு ஒரு செபத்தைப் படிப்பிக்கும் வேலை தகப்பனுக்கு உரியது என்று மறையாசிரியர் சொல்லி அனுப்பினால், பிள்ளையின் கையைத் தட்டிவிட்டுப் போகும் தகப்பன்மார் மிகச் சிலரே.

எங்கள் ஆண்களுட் சிலர் வேறு சபைகளுக்குப் போய்விட்டார்கள். என்ன செய்வது?

அவர்களைத் தூற்ற வேண்டாம். நோய்ப்பட்டபோது அந்தச் சபையினர் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துச் செபித்தார்கள், சாட்சி சொல்ல எழுப்பினார்கள், பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று போனவர்கள் சொல்கிறார்கள். இவற்றுள் எதையும் நாம் செய்ய முடியாதபடி யாரும் தடுக்கவில்லை.

ஆண்களுக்கென்று தனியாக ஒரு சங்கம் தொடங்கலாமா?

செய்வதற்கு வேலை இருந்தால் தொடங்கலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவோடு நின்றுபோகும் சங்கங்கள் வன்னியில் போதுமான அளவு உண்டு. 1833இல் பாரிஸ் நகரில் இருபது வயது மாணவரான பிரெடெரிக் ஒசானாமும் அவருடைய தோழர்களும் புனித வின்சென்ட் டி போல் சபையைத் தொடங்கியபோது, ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் போவதையே தங்கள் வேலையாக வைத்துக்கொண்டார்கள். இருவர் இருவராகப் போவது, கண்டதை அடுத்த கூட்டத்தில் சொல்வது, சேர்ந்து செபிப்பது என்ற அந்த முறை நம் ஊர்களுக்கும் பொருந்தும்.

முதலில் ஐந்தாறு பேர் போதும். சனி இரவு ஒரு வீட்டின் முற்றத்தில் கூடுங்கள்; தேநீர் வையுங்கள். அடுத்த நாளின் நற்செய்தியை ஒருவர் வாசிக்கட்டும், பேச விரும்பாதவர் பேசாமலே இருக்கட்டும். பிறகு பங்கில் படுக்கையிலுள்ள நோயாளிகள் யார், கூரை ஒழுகும் வீடு எது, கடனால் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தியவர் யார் என்று எழுதி, யார் யார் எங்கே போவது என்று அன்றே பிரித்துக்கொள்ளுங்கள். எழுதிய தாளின் ஒரு பிரதியைப் பங்குத்தந்தையிடமும் மற்றொன்றை அன்பியப் பொறுப்பாளரான அக்காவிடமும் கொடுத்துவிடுங்கள். அந்த வீடுகளின் நிலைமை அவருக்கே நன்றாகத் தெரிந்திருக்கும், எங்கே முதலில் போக வேண்டும் என்று அவரே சொல்லுவார்.